கம்பஸ் கிடைத்துவிட்டது, பிள்ளை எங்கே தங்குவது?

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாட்களில் மன்னாரிலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தீவுக்குள் எருக்கலம்பிட்டி, தாராபுரமாக இருக்கட்டும், பெருநிலப்பரப்பில் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டியாக இருக்கட்டும். முதலில் ஸலாம். பிறகு சந்தோஷச் செய்தி. பிறகு ஒரு சிறிய மௌனம். அதன்பின் அந்தக் கேள்வி: "சேர், பிள்ளைக்கு கம்பஸ் கிடைச்சிட்டு. எங்க தங்க வைக்கிறது?"

ஆண் பிள்ளை என்றால் இந்தக் கேள்வி பயணத்துக்கு முதல் நாள் வரை தள்ளிப்போகும். பெண் பிள்ளை என்றால் இதுதான் முதல் கேள்வி. சில வீடுகளில் இதுவே கடைசிக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவிக்குத் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. "அங்க ஹொஸ்டல் இல்லையாம், வெளியிலதான் ரூம் எடுக்கணுமாம்" என்று யாரோ ஒருவர் அவளுடைய வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை. பிள்ளையை வெளியில் ரூமில் விட மனமில்லாமல் பதிவு செய்யும் திகதியைக் கடக்க விட்டுவிட்டார். அந்த வருடம் அதே பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்கு விடுதி வழங்கப்பட்டது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அதற்குள் காலம் கடந்திருந்தது.

நம் நாட்டில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் மாணவர் தெரிவு நடக்கிறது. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு உரியது. மன்னாரும் புத்தளமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் பிள்ளைக்குக் கிடைப்பது இப்படிப் பங்கிட்டு வரும் ஓர் இடம். பதிவு செய்யாமல் விட்டால் வெற்றிடம் நிரப்பும்போது அது அடுத்தவருக்குப் போய்விடும். யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்காக அதை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விடுதி ஏன் எல்லோருக்கும் இல்லை?

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் தொடங்கியது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர். மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பது அன்றைய திட்டம். 1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு நகர்ந்தபோது விரிவுரை மண்டபங்களுக்குக் கொடுத்த அதே முக்கியத்துவம் விடுதிகளுக்கும் கொடுக்கப்பட்டது. அருணாசலம், ஜயதிலக்க, ராமநாதன், ஹில்டா ஒபேசேகர என்று அந்த விடுதிகளுக்குப் பெரியவர்களின் பெயர்கள் வைக்கப்பட்டன. உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த எம்.ரீ. அக்பரின் பெயரிலும் அங்கே ஒரு விடுதி இருக்கிறது. "அக்பர் ஹோலில் இருந்தேன்" என்று சொல்லும் மூத்தவர்களை நாம் எல்லோரும் சந்தித்திருப்போம்.

அறுபதுகளில் தாய்மொழியில் படித்த பிள்ளைகள் பெருந்தொகையாகப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் மாணவர் தொகை கூடிய வேகத்தில் கட்டில்கள் கூடவில்லை. அன்று தொடங்கிய பற்றாக்குறை இன்றும் தீரவில்லை. அதனால்தான் முன்னுரிமை முறை வந்தது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டுக்கும் இறுதி ஆண்டுக்கும் முதலில் விடுதி கொடுப்பார்கள். இடையில் உள்ள ஆண்டுகளில் பலர் வெளியே இடம் தேட வேண்டியிருக்கும்.

வெளிநாடுகளில் புதிய மாணவர்கள் விடுதிகளின் படங்களைப் பார்த்து, "இது வேண்டும், அது வேண்டாம்" என்று வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள். இங்கே அப்படி இல்லை. எந்த விடுதி, எந்த அறை என்பதைப் பல்கலைக்கழகமே பால், பீடம், ஆண்டு ஆகியவற்றைப் பார்த்துத் தீர்மானிக்கும். அப்படியென்றால் நமக்குத் தெரிவே இல்லையா? இருக்கிறது. ஆனால் நாம் நினைப்பதைவிட முந்தி வருகிறது.

தெரிவு விண்ணப்பத்திலேயே நடக்கிறது

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து விருப்ப ஒழுங்கில் எழுதுகிறோம். பிள்ளை எங்கே தங்கப் போகிறது என்பது அந்த ஒழுங்கில்தான் தீர்மானமாகிறது. அந்தப் படிவத்தை டியூஷன் வகுப்பு நண்பர்களோடு சேர்ந்து நிரப்பிவிட்டு, முடிவு வந்த பிறகு "அவ்வளவு தூரமா?" என்று திகைப்பதில் பயனில்லை.

படிவம் நிரப்பும்போது பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். பீடம் எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றதும் திருநெல்வேலி நினைவுக்கு வரும். ஆனால் அதன் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருந்தாலும் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் வந்தாறுமூலை. அதன் திருகோணமலை வளாகம் வேறு மாவட்டத்தில். ரஜரட்டப் பல்கலைக்கழகம் மிஹிந்தலையில். வயம்ப பல்கலைக்கழகம் குளியாப்பிட்டியிலும் மாக்கந்துரையிலும். 2021 ஓகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா, நகருக்குள் இல்லாமல் பம்பைமடுவில் இருக்கிறது.

ஒவ்வோர் ஊருக்கும் தங்குமிட நிலைமை வேறு. ஒலுவிலைச் சுற்றி பாலமுனை, அட்டாளைச்சேனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று முஸ்லிம் ஊர்கள் இருக்கின்றன. சாப்பாடு, பள்ளிவாசல், பெண் பிள்ளைகளுக்கான வீடுகள் பற்றி அங்கே பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் மன்னாரிலிருந்து நாட்டின் மறுகரைக்குப் போக வேண்டும். வவுனியா பக்கம், ஆனால் பம்பைமடு தினமும் மன்னாரிலிருந்து போய்வரும் தூரம் அல்ல. யாழ்ப்பாணத்துக்குப் பூநகரி வழியாகப் போகலாம். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு அந்தப் பயணம் சுருங்கிவிட்டது. பேராதனைக்கோ கொழும்புக்கோ போகிறவர்களுக்கு 2015 இல் மீண்டும் ஓடத் தொடங்கிய தலைமன்னார் ரயில் இருக்கிறது. பேராதனைக்குப் போகிறவர் பொல்காவலையில் மாற வேண்டும்.

யாழ்ப்பாணத்தைப் பற்றி நம் மூத்தவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, தீவிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கிய தலைமுறை அது. அந்தக் காயத்தை யாரும் சிறிதாக்க முடியாது. ஆனால் பிள்ளையின் பாடநெறியை அந்த நினைவு மட்டும் தீர்மானிக்கக் கூடாது. இன்று அங்கே படிக்கும் நம் பிள்ளைகளிடம் ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதேபோல 2019 ஏப்ரலுக்குப் பிறகு தெற்குப் பல்கலைக்கழகங்களைப் பற்றி வந்த பயத்துக்கும் இதே மருந்துதான்: இன்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.

விண்ணப்பமும் முகவரியும்

இடம் கிடைத்து பதிவு செய்யும்போது, அல்லது அதைத் தொடர்ந்து, பல்கலைக்கழகம் விடுதிக்கு விண்ணப்பம் கேட்கும். வீட்டுக்கும் வளாகத்துக்கும் உள்ள தூரத்தையும் குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். கிராம அலுவலரின் அத்தாட்சி, பிரதேச செயலகத்தின் மேலொப்பம் போன்றவை தேவைப்படும். தூரத்தைப் பொறுத்தவரை மன்னார்ப் பிள்ளை அநேகமாக எல்லா இடத்திலும் தகுதி பெறும். நம்மவர்கள் தடுமாறுவது இரண்டு விஷயங்களில்.

முதலாவது, திகதி. விடுதி விண்ணப்பம் தனியாகக் கேட்கப்படலாம். பதிவு செய்தால் விடுதி தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டு, பிறகு காத்திருப்போர் பட்டியலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, முகவரி. இது நமக்கே உரிய சிக்கல். பல குடும்பங்களுக்கு மன்னாரில் ஒரு வீடு, புத்தளத்தில் ஒரு வீடு. வாக்கு ஓர் இடத்தில், அடையாள அட்டை இன்னோர் இடத்தில், பாடசாலை மூன்றாவது இடத்தில். விண்ணப்பத்தில் முசலி என்றும் வருமான அத்தாட்சியில் புத்தளம் என்றும் இருந்தால் கோவை அங்கேயே நின்றுவிடும். பதிவுக்கு முன்பே உட்கார்ந்து, உண்மையில் எங்கே வசிக்கிறோமோ அந்த முகவரிக்கு எல்லா ஆவணங்களையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். தூரத்தைக் கூட்டிக் காட்டவோ வருமானத்தைக் குறைத்துக் காட்டவோ பொய் எழுதாதீர்கள். அது இன்னோர் ஏழைப் பிள்ளையின் கட்டில். அமானிதத்துக்கு மாறு செய்து தொடங்கும் படிப்பில் பரக்கத் இருக்காது.

பயங்களைப் பற்றி வெளிப்படையாக

விடுதி கிடைத்தும் வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள்: சாப்பாடு, பகிடிவதை, பெண் பிள்ளையின் பாதுகாப்பு. மூன்றும் நியாயமானவை. மூன்றுக்கும் விடை தேட முடியும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, விடுதிச் சிற்றுண்டிச்சாலையில் ஹலால் உணவு உண்டா, இல்லையென்றால் நம் பிள்ளைகள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். பல விடுதிகளில் அறைக்குள் சமைக்கத் தடை இருக்கிறது. அது தெரியாமல் அடுப்பையும் சட்டியையும் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மஜ்லிஸ் இயங்குகிறது. நோன்பு காலத்தில் சஹருக்கு என்ன ஏற்பாடு, ஜும்ஆவுக்கு எங்கே போவது என்பதை அவர்களிடம் கேட்டால் தெரியும். பேராதனை வளாகத்துக்குள்ளேயே பள்ளிவாசல் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து சோனகதெரு சில கிலோமீற்றர் தூரம்தான்.

பகிடிவதை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1975 இல் பேராதனையில் ஒரு மாணவி பகிடிவதைக்குத் தப்புவதற்காக விடுதி மாடியிலிருந்து குதித்து, நடக்கும் சக்தியை இழந்தார். 1997 இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அதற்கு அடுத்த வருடம்தான் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்பவருக்கு 2 வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடும் காயமோ விளைந்தால் 10 வருடம் வரை. சட்டம் இருந்தும் பகிடிவதை ஒழிந்துவிடவில்லை. ஆனால் பிள்ளைக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

விடுதியைத் தவிர்த்தால் பகிடிவதையைத் தவிர்க்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீனியர்கள் தனியார் ரூமுக்கும் வருவார்கள். விடுதியில் விடுதிப் பொறுப்பாளர் இருக்கிறார், காவலாளி இருக்கிறார், பெயர்ப் பதிவு இருக்கிறது. ரூமில் வீட்டுக்காரர் மட்டும்தான். அவர் பல வேளைகளில் வேறு ஊரில் இருப்பார். பிள்ளை போகும் முன் விடுதிப் பொறுப்பாளர், மாணவ ஆலோசகர் ஆகியோரின் எண்களையும், மானியங்கள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யும் வழியையும் பிள்ளையின் தொலைபேசியில் மட்டுமல்லாமல் உங்கள் தொலைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதங்களுக்குத் தினமும் பேசுங்கள். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். குரல் மாறியிருந்தால் பஸ் ஏறுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதானால், என் அனுபவத்தில் முதலாம் ஆண்டில் அவர்களுக்குப் பல்கலைக்கழக விடுதியைவிடப் பாதுகாப்பான இடம் குறைவு. பெண்களுக்கு மட்டுமான கட்டடம், பெண் பொறுப்பாளர், இரவில் குறித்த நேரத்துக்குப் பூட்டப்படும் கதவு. விரிவுரை முடிந்து இருட்டில் தனியாக வெளியூர்த் தெருவில் நடக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பதைத்தான். ஊரிலிருந்து புறப்படும் பஸ்ஸோ ரயிலோ அந்த நேரத்துக்கு முன் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்று கணக்குப் பாருங்கள். முதல் பயணத்தில் வாப்பாவோ நானாவோ கூடவே போய், பாதை பழகும்வரை வந்துபோவதும் நல்லது.

இன்னொன்று. நம் பிள்ளைகள் பாலர் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை தமிழிலேயே படித்து, தமிழ் பேசுபவரோடேயே பழகி வளர்ந்தவர்கள். விடுதி அறையில் மாத்தறைப் பிள்ளையும் குருநாகல் பிள்ளையும் இருந்தால் முதல் மாதம் கஷ்டமாக இருக்கும். ஆறாவது மாதத்தில் சிங்களம் பேச வரும். நாளை அரச அலுவலகத்திலோ வைத்தியசாலையிலோ வேலை செய்யப்போகும் பிள்ளைக்கு அது எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம். "எங்கட ஊர்ப் பிள்ளைகளோட மட்டும் இருக்கட்டும்" என்று முதல் நாளே ரூம் தேடுவது அந்த வாய்ப்பை மூடிவிடுகிறது.

இரண்டாம் ஆண்டுதான் உண்மையான சோதனை

முதலாம் ஆண்டுக்கு இவ்வளவு யோசிக்கும் நாம், இரண்டாம் ஆண்டில் விடுதியை விட்டு வெளியேறும் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். "இப்ப பழகிட்டுத்தானே" என்று இருந்துவிடுகிறோம். ஆனால் கூடிய செலவும் கூடிய தடுமாற்றமும் அங்கேதான் தொடங்குகின்றன. விடுதிக் கட்டணம் சொற்பம். வெளியே ரூமுக்கு மாதா மாதம் வாடகை, முற்பணம், தண்ணீர், கரண்ட் பில். மஹபொல உதவித்தொகையை மட்டும் நம்பி இதையெல்லாம் சமாளிக்க முடியாது.

ரூம் பார்க்கும்போது கேட்க வேண்டியவை சில. வீட்டுக்காரர் அதே வளவில் வசிக்கிறாரா? ஓர் அறையில் எத்தனை பேர்? பிறகு ஆள் கூட்டுவாரா? முற்பணத்துக்கு எழுத்தில் பற்றுச்சீட்டு தருவாரா, எப்போது திருப்பித் தருவார்? விடுமுறை மாதங்களுக்கும் வாடகை கேட்பாரா? பெண் பிள்ளைகளின் வீட்டுக்கு வெளி ஆண்கள் வந்துபோகும் வழி தனியா? விரிவுரையிலிருந்து திரும்பும் பாதையில் இரவில் வெளிச்சம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கான விடையைத் தொலைபேசியில் பெற முடியாது. மஃரிபுக்குப் பிறகு ஒரு தடவை அந்தப் பாதையில் நீங்களே நடந்து பாருங்கள்.

சொந்தக்காரர் வீட்டில் விடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாச்சி வீடு, மாமி வீடு என்றால் பெற்றோருக்கு மனம் ஆறுதல் அடையும். ஆனால் அந்த வீடு வளாகத்திலிருந்து எவ்வளவு தூரம்? பிள்ளை படிக்க ஒரு மேசை உண்டா? பரீட்சைக் காலத்தில் இரவு 1 மணி வரை விளக்கு எரிந்தால் யாரும் முகம் சுளிப்பார்களா? வீட்டில் மஹ்ரம் அல்லாத ஆண்கள் இருக்கிறார்களா? வெட்கத்தில் இவற்றைக் கேட்காமல் விட்டு, பிறகு உறவும் கெட்டு, படிப்பும் கெட்ட கதைகள் நமக்குத் தெரியும்.

ஊர் செய்யக்கூடியது

இந்தத் தகவல்கள் எல்லாம் நம் ஊர்களிலேயே இருக்கின்றன, சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு ஜமாஅத்திலும் பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு கொப்பி வைத்தால் போதும். எந்தப் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பீடத்தில், எந்த ஆண்டில், பெற்றோரின் தொலைபேசி எண் என்ன. பெண் பிள்ளைகளின் விபரத்தை ஓர் ஆசிரியையின் பொறுப்பில் தனியாக வைக்கலாம். பல்கலைக்கழக விண்ணப்பம் கோரப்படும் காலத்தில் மூத்த மாணவ மாணவிகளை ஒரு மாலை அழைத்துப் பேச வைக்கலாம். நம்பிக்கையான வீட்டுக்காரர்களின் பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். மன்னார் ஊர்களின் பிள்ளைகள் புத்தளத்திலும் படிப்பதால் இரண்டு பக்கத்துப் பள்ளிவாசல்களும் தொடர்பு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ரூமுக்கான முற்பணம் ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய தடை. வெளிநாட்டில் உழைக்கும் ஊர்ச் சகோதரர்கள் அதற்கென ஒரு சுழற்சி நிதியை உருவாக்கினால், பிள்ளை படிப்பை முடித்து முற்பணத்தைத் திரும்பப் பெறும்போது அந்தத் தொகை அடுத்த பிள்ளைக்குப் போகும். பட்டமளிப்பு அன்று மாலை போடுவதைவிட, இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் கொடுக்கும் அந்த உதவி பெரிது.

நான் மேலே சொன்ன அந்த மாணவியின் வாப்பா கெட்டவர் அல்ல. பிள்ளை மீது உயிரையே வைத்திருந்தவர். அவருக்குத் தேவைப்பட்டது, அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஓர் ஊர்ப் பிள்ளையின் தொலைபேசி எண் மட்டும்தான். அடுத்த வெட்டுப்புள்ளி வெளியாகும்போது அப்படி ஓர் எண் ஒவ்வொரு வாப்பாவின் கையிலும் இருக்க வேண்டும். அதற்கு இந்த ஜும்ஆவுக்குப் பிறகே ஒரு கொப்பியைத் திறக்கலாம்.